காசு கேட்காத நாற்காலி: சென்னையின் கிளை நூலகங்களுக்கு யாரெல்லாம் வருகிறார்கள்?

சென்னையில் மதியம் ஒரு மணி. அடுத்த வேலைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. எதையும் வாங்காமல், யாரிடமும் காரணம் சொல்லாமல், ஒரு மின்விசிறிக்குக் கீழே உட்கார வேண்டும். எங்கே போவீர்கள்?

காபி ஷாப்பில் ஒரு காபியாவது சொல்ல வேண்டும். மாலில் பார்க்கிங்குக்கே பணம் போய்விடும். கோயிலில் நடை சாத்தியிருப்பார்கள். பூங்காவில் வெயில், மெரினாவில் அதைவிட வெயில். பக்கத்துத் தெரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகலாம்தான். ஆனால், 'என்ன விஷயமா இந்தப் பக்கம்?' என்ற பார்வைக்குப் பதில் தயாராக இருக்க வேண்டும்.

மிச்சம் இருப்பது ஓர் இடம். பஸ் ஸ்டாப்புக்கும் ரேஷன் கடைக்கும் நடுவில் எங்கோ இருக்கும். பெயர்ப் பலகை மங்கியிருக்கும். வாசலை மறைத்து நாலு பைக்குகள் நிற்கும். தினமும் கடந்துபோகிறவர்களில் பாதிப் பேருக்கு அது திறந்திருக்கிறது என்பதே தெரியாது. அரசு பொது நூலகத் துறையின் கிளை நூலகம்.

சென்னையில் நூலகம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இரண்டு. ஒன்று, 1896-ல் திறக்கப்பட்ட எழும்பூர் கன்னிமாரா. இன்னொன்று, 2010-ல் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம். ரீல்ஸ் எடுக்கப்படுவதும் இவற்றில்தான். ஆனால், தமிழ்நாடு முழுக்க உள்ள 4,600-க்கும் மேற்பட்ட பொது நூலகங்களில் பெரும்பாலானவை ஒரு ஹால், சில அலமாரிகள், ஒரு நூலகர் என்ற அளவில் இயங்குபவை. கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று பெயர்கள் வேறுபடும். பிரமாண்ட நூலகத்துக்குத் திட்டம் போட்டுப் போக வேண்டும். கிளை நூலகத்துக்கு லுங்கியோடும் போகலாம், காய்கறிப் பையோடும் போகலாம். அங்கே யார் போகிறார்கள், போனவர்களுக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்காமல் திரும்புகிறார்கள்?

நடுப்பக்கம் முடிச்சிட்டீங்களா சார்?

காலையில் கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் நாலைந்து பேர் நிற்பார்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். நடைப்பயிற்சி, காபி, அடுத்தது பேப்பர் என்று நாளை வரிசைப்படுத்திக்கொண்டவர்கள். இவர்களில் பலர் வீட்டிலும் பேப்பர் வாங்குகிறவர்கள்தான். ஆனால் வீட்டில் ஒன்று, இங்கே பல. ஒரே செய்தியைத் தினத்தந்தி எப்படிப் போட்டிருக்கிறது, தினமணி எப்படிப் போட்டிருக்கிறது, தினமலரில் என்ன தலைப்பு, இந்து தமிழ் திசையில் எந்தப் பக்கம் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு தனி ருசி உண்டு. மொபைலில் எல்லாம் வருகிறதே என்று பேரப்பிள்ளைகள் கேட்கலாம். மொபைலில் வருவது அவர்களுக்கு ஏற்கெனவே பிடித்தது மட்டும்தான். மேஜையில் கிடக்கும் பேப்பரில் பிடிக்காததும் வரும்.

பேப்பர் மேஜைக்கு எழுதப்படாத சட்டங்கள் சில உண்டு. ஒரு பேப்பர் முழுசாக ஒருவர் கையில் இருக்கக் கூடாது. அது தாள் தாளாகப் பிரிந்து மேஜை முழுக்கச் சுற்றும். விளையாட்டு ஒருவரிடம், ராசிபலன் ஒருவரிடம், வரி விளம்பரம் வாடகை வீடு தேடும் இன்னொருவரிடம். 'சார், நடுப்பக்கம் முடிச்சிட்டீங்களா?' என்ற ஒரே கேள்வியில் ஆரம்பித்து, பத்து வருடம் தாண்டியும் தொடரும் பழக்கங்கள் இந்த மேஜைகளில் இருக்கின்றன. குறுக்கெழுத்துப் போட்டியைப் பேனாவால் நிரப்பிவிட்டுப் போகிறவருக்கு மட்டும் யாரிடமும் மன்னிப்பு கிடையாது.

பிள்ளைகள் வேறு ஊரில், மனைவி இல்லை, ஃப்ளாட்டில் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது என்ற நிலையில் வாழும் முதியவர்கள் சென்னையில் குறைவில்லை. அப்படிப்பட்ட ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால், முதலில் விசாரிப்பது பெரும்பாலும் இந்த மேஜைதான். 'உடம்புக்கு முடியலையாம்' என்ற தகவல் மூன்றாம் நாள் வந்துசேர்ந்துவிடும். வருகைப் பதிவேட்டில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை. பெயர், முகவரி, கையெழுத்து, அவ்வளவுதான்.

நடமாட முடியாத நிலை வந்தவர்களுக்காக ஒரு திட்டமும் இருக்கிறது. 'நூலக நண்பர்கள்' என்ற பெயரில் தன்னார்வலர்கள் முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்து, திரும்ப வாங்கிவருகிறார்கள். இப்படி ஒன்று இருப்பது, அது தேவைப்படும் பலருக்குத் தெரிவதே இல்லை. வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் பக்கத்து நூலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். புத்தகம் கிடைக்கிறதோ இல்லையோ, வாரத்துக்கு ஒருமுறை ஒரு புது முகம் கதவைத் தட்டும்.

25 வயதில் ஆறாம் வகுப்புப் புத்தகம்

பத்து மணிவாக்கில் இன்னொரு கூட்டம் வரும். தோளில் பை, கையில் பெரிய தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், ஹெட்போன். இவர்கள் நூலகத்தின் அலமாரிப் பக்கமே போக மாட்டார்கள். சொந்தப் புத்தகத்தைப் பிரித்து வைத்தால், கதவு சாத்தும் வரை தலை நிமிராது.

டி.என்.பி.எஸ்.சி., போலீஸ் எஸ்.ஐ., வங்கி, ரயில்வே என்று போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள். இன்ஜினீயரிங் முடித்த 25 வயது இளைஞர் முன்னால் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் விரிந்திருக்கும். குரூப் 4 தேர்வுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளிப் பாடப்புத்தகங்கள்தான் அடிப்படை. ஒரு குரூப் 4 தேர்வுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பிக்கிறார்கள். கிடைக்கப்போகும் வேலைகள் சில ஆயிரம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான், அந்த ஹாலில் ஏன் அப்படி ஓர் அமைதி என்பது புரியும்.

வீட்டில் படிக்கலாமே என்று கேட்பது சுலபம். ஒரே அறை வீட்டில் டி.வி. ஓடும், தம்பி ஆன்லைன் வகுப்பில் இருப்பான், அம்மா அதே அறையில்தான் சமைப்பார். வெளியூரிலிருந்து வந்து மேன்ஷனில் தங்கியிருப்பவருக்குப் பகலில் அறைக்குள் உட்கார முடியாத வெக்கை. தனியார் 'ஸ்டடி ஹால்'கள் நகரம் முழுக்க முளைத்திருக்கின்றன. ஏசி உண்டு, வைஃபை உண்டு, மாதா மாதம் கட்டணமும் உண்டு. வேலைக்குப் போகாமல் படிப்பவர் அந்தப் பணத்தை வீட்டில்தான் கேட்க வேண்டும். இரண்டாவது வருடம், மூன்றாவது வருடம் என்று ஆகும்போது அந்தக் கேள்வியைக் கேட்க நாக்கு எழாது. கிளை நூலகத்தின் நாற்காலிக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இன்னொரு காரணத்தையும் இவர்கள் பேச்சில் அடிக்கடி கேட்கலாம். வீட்டில் இருந்தால் 'சும்மா இருக்கான்' என்று அக்கம்பக்கம் சொல்லும். பையை மாட்டிக்கொண்டு காலையில் கிளம்பிவிட்டால் அந்தப் பேச்சு வராது.

சண்டையும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம்பிடிப்பது போல, நாற்காலியில் பையை வைத்து நண்பனுக்கு இடம்பிடிப்பார்கள். சுவரில் ஒரே ஒரு பிளக் பாயின்ட், அதற்கு ஐந்து சார்ஜர் போட்டி. பேப்பர் புரட்டும் சத்தம் மாணவருக்கு இடைஞ்சல். மாணவர்கள் காரிடாரில் நின்று பேசுவது பெரியவருக்கு இடைஞ்சல். அலமாரியில் சுஜாதா தேடி வந்தவர், நாற்காலிகளுக்கு நடுவே நுழைய முடியாமல் பாதியில் திரும்பிவிடுவார். 'இது நூலகமா, டியூஷன் சென்டரா?' என்ற முணுமுணுப்பை எந்தக் கிளையிலும் கேட்கலாம்.

அந்த முணுமுணுப்பில் பாதி நியாயம்தான் இருக்கிறது. படிக்க இடம் தேடி வருகிறவரும் வாசகர்தான், அவரை வெளியே அனுப்புவது நூலகத்தின் வேலை இல்லை. ஆனால், கதைப் புத்தகம் எடுக்க வருகிறவர் இரண்டு முறை இடமில்லாமல் திரும்பினால், மூன்றாம் முறை வர மாட்டார். அவர் புகார் எழுதிவைத்துவிட்டுப் போக மாட்டார், சத்தமில்லாமல் காணாமல்போவார். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பவர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட 'முதல்வர் படைப்பக'த்தில் மாணவர்கள் படிக்கத் தனித் தளம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரே ஹால் கொண்ட கிளை நூலகத்தில் அப்படிப் பிரிக்க ஒரு சுவர்கூட இல்லை. இங்கே பஞ்சாயத்து செய்ய இருப்பது நூலகர் ஒருவர்தான். பல கிளைகளில், 'பதினோரு மணி வரை இந்த மேஜை பேப்பருக்கு, அப்புறம் படிக்கிற பசங்களுக்கு' என்று வாய்வழியாக ஓர் உடன்பாடு ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாம் பாகம் எங்கே?

இரவல் வாங்க வருகிறவர்களின் அனுபவம் வேறு. அவர்களுக்கு நாற்காலி முக்கியமில்லை, அலமாரிதான் முக்கியம்.

ராஜேஷ்குமார், ரமணிசந்திரன், பாலகுமாரன், சுஜாதா. இந்த நால்வரின் வரிசைகளும் ஓரம் தேய்ந்து, அட்டை கிழிந்து, நூல் கட்டிப் பிழைத்திருக்கும். பக்கத்திலேயே கனமான ஆய்வு நூல் ஒன்று, வந்த நாள் பளபளப்பு மாறாமல் நிற்கும். அதில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட விழுந்திருக்காது. ஒரு பகுதி மக்கள் எதைப் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், புத்தகங்களின் தேதிச் சீட்டைப் பார்த்தாலே போதும்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களும் ஒன்றாக அலமாரியில் இருப்பதைப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். 2022-லும் 2023-லும் படம் இரண்டு பாகங்களாக வந்த பிறகு, அந்தப் பாக்கியம் இன்னும் அரிதாகிவிட்டது. முதல் பாகம் இருக்கும், மூன்றும் நான்கும் இருக்கும், இரண்டாம் பாகம் யார் வீட்டிலோ இருக்கும். 'வந்ததும் எடுத்து வைக்கிறேன்மா' என்று நூலகர் சொல்வார். எடுத்தும் வைப்பார். நல்ல நூலகருக்கு அடையாளம் அதுதான்.

இரவல் புத்தகத்தில் முன்பு படித்தவர்களின் தடயங்கள் வேறு. ஓரத்தில் பென்சில் குறிப்பு, பக்க அடையாளத்துக்கு வைத்து மறந்த பஸ் டிக்கெட், உலர்ந்த வேப்பிலை. எல்லாவற்றையும் ரசிக்கலாம். துப்பறியும் நாவலின் நாற்பதாம் பக்கத்தில் 'கொலை செய்தது டாக்டர்தான்' என்று எழுதிவைத்துவிட்டுப் போகிற புண்ணியவானை மட்டும் ரசிக்க முடியாது.

சின்ன நூலகத்தின் பெரிய குறை, புதுப் புத்தகம் வந்துசேர ஆகும் தாமதம். யூடியூபில் ஒருவர் பேசிய புத்தகத்தை மறுநாளே தேடி வரும் இளைஞர், பல நேரம் வெறுங்கையோடு திரும்புகிறார். புத்தகக் கொள்முதல் துறை மூலம் நடப்பது, கிளை நூலகர் நினைத்த நேரத்தில் கடையில் வாங்கி அடுக்க முடியாது. இது வாசகருக்குத் தெரியாது. அவர் பார்வையில், 'இங்க எல்லாம் பழசு.'

சனி, ஞாயிறுகளில் குழந்தைகள். முதல் ஐந்து நிமிடம் படப் புத்தகங்களைக் கீழே கொட்டுவதிலேயே போகும். கூட வந்த தாத்தா பேப்பரில் மூழ்கிவிட, பேரன் தரையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பிப்பான். கோடை விடுமுறையில் கதை சொல்வது, ஓவியம், சதுரங்கம் என்று சில நூலகங்களில் நிகழ்ச்சிகளும் நடக்கும். எட்டு வயதில் தன் பெயரிலேயே ஓர் உறுப்பினர் அட்டை கிடைப்பது சின்ன விஷயமில்லை. ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் அவன் பெயரைப் பெரியவர்கள் சேர்த்திருப்பார்கள். இங்கே அவன் தானே கையெழுத்துப் போட்டு, தானே தேர்ந்தெடுத்த ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போகிறான்.

பத்து நிமிடத்தில் கிளம்பிவிடும் பெண்கள்

ஒரு நாள் முழுக்க வாசலைக் கவனித்தால் கண்ணில் படுவது இது. ஆண்கள் வருகிறார்கள், உட்காருகிறார்கள். பெண்கள் வருகிறார்கள், புத்தகத்தை மாற்றிக்கொள்கிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். நின்ற நிலையிலேயே இரண்டு புத்தகங்களைப் புரட்டி, பதிவு செய்து, பத்து நிமிடத்தில் தெருவில் இருப்பார்கள். பேப்பர் மேஜையில் ஒரு பெண் உட்கார்ந்து படிக்கும் காட்சி, பல கிளைகளில் அபூர்வம்.

படிக்க ஆசை இல்லாமல் இல்லை. பல கிளைகளில் கதைப் புத்தகம் தொடர்ந்து எடுப்பவர்களில் இல்லத்தரசிகள் கணிசம். பிரச்னை வேறு. பல கிளை நூலகங்கள் நாள் முழுக்க இயங்குவதில்லை. காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம். காலை நேரம் சமையலுக்கும் பள்ளி அனுப்புவதற்கும் போய்விடும். மாலை நேரம் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கும் இரவு டிபனுக்கும் போய்விடும். அவர்களுக்கென்று கிடைக்கும் அந்த மதிய ஒன்றரை மணி நேரத்தில் நூலகம் பூட்டியிருக்கும்.

அடுத்தது கழிப்பறை. சில நூலகங்களில் இல்லை, சிலவற்றில் பூட்டு, சிலவற்றில் தண்ணீர் இல்லை. ஆண்கள் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் செய்வது என்ன தெரியுமா? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். மே மாதச் சென்னையில், ஆறேழு மணி நேரம் உட்கார்ந்து படிக்கிறவர்கள். சிலர் மதியம் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்த் திரும்புகிறார்கள், படிப்பு நேரத்தில் ஒன்றரை மணி அதிலேயே போகிறது. மாதவிடாய் நாட்களில் வருவதையே விட்டுவிடுகிறார்கள். மாதத்தில் மூன்று நான்கு நாள் படிப்பு போவது, ஒரு மதிப்பெண்ணில் ஆயிரம் பேர் முன்னே போகும் தேர்வில் சின்ன இழப்பு இல்லை.

புது அலமாரி, புதுக் கணினி, சுவரில் ஓவியம் எல்லாம் வரட்டும். ஆனால், ஒரு கிளை நூலகத்தைச் சீரமைக்கப் பணம் வந்தால் முதலில் எங்கே செலவிட வேண்டும் என்று அங்கே படிக்கும் ஒரு பெண்ணைக் கேட்டால், பதில் ஒரு நொடியில் வரும்.

இவ்வளவையும் தாண்டி வருகிறவர்கள் ஏன் வருகிறார்கள்? பெரும்பாலும் நூலகரால். நூலகர் மேஜைக்குப் பக்கத்து நாற்காலிகளில் பெண்கள் அதிகம் உட்கார்வதை எந்தக் கிளையிலும் கவனிக்கலாம். உறுத்துப் பார்ப்பவரை ஒரு பார்வையில் எழுப்பிவிடும் நூலகர் இருந்தால், அந்த நூலகத்தில் பெண்கள் இருப்பார்கள். கதவைத் திறப்பது, பேப்பர் கோர்ப்பது, புத்தகம் கொடுத்து வாங்குவது, பதிவேடு எழுதுவது, ஒழுகும் கூரைக்கு மனு அனுப்புவது எல்லாம் பல கிளைகளில் ஒரே ஆள்தான். அவருக்கு லீவு என்றாலோ, மாவட்ட மைய நூலகத்தில் மீட்டிங் என்றாலோ, வந்தவர் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள்

'இலவசமாகக் கொடுக்கிற இடத்தில் குறை சொல்லக் கூடாது' என்று பலர் நினைக்கிறார்கள். இந்த இடம் இலவசம் இல்லை.

சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கப்படுகிறது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா என்பது கணக்கு. நகரத்தில் வீடு வைத்திருப்பவர் எல்லோரும், நூலகத்தின் வாசலை மிதித்ததே இல்லை என்றாலும், இதைக் கட்டுகிறார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்காரர் தன் செலவை எங்கே வைத்து வசூலிப்பார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு சீர்காழிக்காரர் இருக்கிறார். 1892-ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். சேர்ந்த புதிதில், ஆள் நடமாட்டம் இல்லாத அந்த வேலை பிடிக்காமல், திரும்ப வகுப்பறைக்கே போய்விட நினைத்தாராம். லண்டனுக்குப் படிக்க அனுப்பினார்கள். அங்கே சாதாரண மக்கள் பொது நூலகங்களைப் பயன்படுத்தும் விதத்தைப் பார்த்துவிட்டு வந்தவர், அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை. 1931-ல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் இன்றும் உலகம் முழுக்க நூலகப் படிப்புகளில் கற்றுத்தரப்படுகின்றன. அந்த ஐந்தில் ஒரு விதி முழுக்க முழுக்க வாசகரின் நேரத்தைப் பற்றியது. பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் வாசகரையும், கழிப்பறைக்காக பஸ் ஏறும் மாணவியையும் அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கத் தோன்றுகிறது. அவர் பிறந்தநாளான ஆகஸ்ட் 12, தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

ரங்கநாதன் விடாமல் வலியுறுத்தியதன் பலனாக 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் போட்ட முதல் மாகாணம் நம்முடையதுதான். நூலகத்துக்கென்று தனி வரி, அதை நிர்வகிக்க உள்ளூர் நூலக ஆணைக்குழு என்பது அதன் அடிப்படை. அரசாங்கத்தின் பட்ஜெட்டில் மிச்சம் இருந்தால் நூலகம் என்றில்லாமல், மக்களே கொடுக்கும் காசில் மக்களுக்கு நூலகம்.

நடைமுறையில் ஒரு சிக்கல். வரியை வசூலிப்பது மாநகராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சிகள். வசூலித்ததை அவை நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். இந்தத் தொகை முழுதாகவும் நேரத்துக்கும் வந்துசேராமல் நிலுவை நிற்பது, பல ஆண்டுகளாகச் செய்திகளில் அடிபடும் விஷயம். ஒழுகும் கூரைக்கும் பூட்டிய கழிப்பறைக்கும் ஒரே காரணம் இதுதான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், 'நிதி இல்லை' என்ற பதிலைக் கேட்கும்போது, 'நாங்கள் கட்டிய வரி எங்கே?' என்று கேட்க வரி கட்டியவருக்கு உரிமை இருக்கிறது.

கேட்பதற்கு வழியும் இருக்கிறது. நூலகங்களோடு இணைந்து 'வாசகர் வட்டம்' என்ற அமைப்பு இயங்குகிறது. பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் உள்ளூர் எழுத்தாளர்களும்தான் அதில் இருப்பார்கள். புத்தக விமர்சனம், பொன்னாடை, தேநீர் என்று கூட்டம் முடிந்துவிடும் இடங்களும் உண்டு. இடத்துக்கு மனு போட்டு, வார்டு கவுன்சிலரைப் பார்த்து, மின்விசிறியும் குடிநீர் இயந்திரமும் நன்கொடையாக வாங்கிக் கொடுத்த வட்டங்களும் உண்டு. அங்கே உட்கார்ந்து படிக்கும் மாணவர்களும், புத்தகம் மாற்ற வரும் பெண்களும் இந்த வட்டத்தில் சேர்ந்தால், பேசப்படும் விஷயங்களே மாறும். ரூ.1,000 கொடுத்து 'புரவலர்' ஆகும் திட்டமும் இருக்கிறது. பிறந்தநாள் கேக்குக்கு ஆகும் செலவில் பிள்ளை பெயரில் ஒரு புரவலர் பதிவு போடலாம், பலர் போடுகிறார்கள்.

உறுப்பினர் ஆவது கஷ்டமில்லை. முகவரிச் சான்றோடு போனால், சிறிய முன்வைப்புத் தொகையும் சொற்ப ஆண்டுச் சந்தாவும் கட்டிச் சேரலாம். மல்டிபிளெக்ஸில் இடைவேளை பாப்கார்ன் வாங்கும் செலவைவிடக் குறைவு. உறுப்பினர் ஆகாமலும் போய் உட்காரலாம், படிக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால், உள்ளே போனதும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதை மட்டும் தவிர்க்காதீர்கள். இன்று எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை புத்தகம் போனது என்ற அந்த எண்ணிக்கைதான் அந்தச் சின்ன ஹாலைப் பற்றி மேலே போகும் கணக்கு. பெண்கள் பத்து நிமிட அவசரத்தில் அதிகம் விட்டுவிடுவதும் அந்தக் கையெழுத்தைத்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிறதே என்ற சந்தோஷத்தில் வெள்ளிக்கிழமை கிளம்பிவிடாதீர்கள். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை அன்றுதான். மற்ற நாட்களின் நேரம் கிளைக்குக் கிளை மாறும், வாசல் பலகையில் எழுதியிருப்பார்கள். அந்த பைக்குகளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொன்னால் படிக்கலாம்.